கிரிஸ்பர் இருந்தும் பாக்டீரியா ஏன் வைரஸிடம் சாகிறது?

மார்ச் 3, காலை. கடலூர்க்காரன் கேட்டது:

கிரிஸ்பர்தான் பாக்டீரியாவின் நோய் எதிர்ப்புச் சக்தி என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். ஒருமுறை தாக்கிய வைரஸை நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை வந்தால் வெட்டிவிடுமாம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இதே வேலையாக இருந்தும் பாக்டீரியா ஜெயித்த மாதிரி தெரியவில்லையே? கடலில் தினமும் ஐந்தில் ஒரு பங்கு பாக்டீரியா வைரஸால் சாகிறது என்றும் அதே ஆட்கள்தான் எழுதுகிறார்கள். இரண்டில் ஒன்று தப்பாக இருக்க வேண்டும்.

மார்ச் 3, பிற்பகல்

இரண்டும் சரிதான். பாக்டீரியா எல்லாம் ஒரே கட்சி, வைரஸ் எல்லாம் எதிர்க்கட்சி என்று வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது.

இப்போதைக்கு ஒரு கணக்கு மட்டும். மரபணுத் தொகுதி படிக்கப்பட்ட பாக்டீரியாக்களில் ஏறக்குறைய 40 சதவீதத்திடம்தான் கிரிஸ்பர் உண்டு. பாக்டீரியா போலவே ஒற்றைச் செல்லாக இருந்தும் தனி இனமான ஆர்க்கியாக்களில் பெரும்பாலானவற்றிடம் இருக்கிறது. மீதிப் பாக்டீரியாக்கள் வேறு ஏற்பாடுகளை வைத்துக் காலம் தள்ளுகின்றன. ராத்திரி விரிவாக எழுதுகிறேன். பால் ஆலை ஆய்வகத்தில் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். இந்த விஷயம் எனக்குத் தயிர் வழியாகத்தான் அறிமுகம்.

மார்ச் 3, இரவு

ஆலையில் தயிர் போடும்போது பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, ஸ்டார்ட்டர் கல்ச்சரை ஊற்றி, புளிப்பு ஏறுவதை மணிக்கு மணி அளந்துகொண்டே இருப்போம். நல்ல நாளில் அது சீராக ஏறும். கெட்ட நாளில் பாதி வரை ஒழுங்காக ஏறிவிட்டு அப்படியே நின்றுவிடும். தொட்டி நிறையப் பால், பாலும் இல்லை தயிரும் இல்லை.

உடனே சண்டை ஆரம்பிக்கும். மாட்டுக்கு மடிநோய் ஊசி போட்ட பால் வந்திருக்கிறது, ஆன்டிபயாடிக் கலந்திருக்கிறது என்று நாங்கள் சொல்வோம். உங்கள் கல்ச்சர்தான் செத்த கல்ச்சர் என்று கொள்முதல் பிரிவு சொல்லும். ஆன்டிபயாடிக் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் அடுத்த சந்தேகம் ஃபேஜ். அதாவது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். உறையாத அந்தப் பாலிலிருந்து தெளிந்த நீரை எடுத்து, பாக்டீரியா நுழைய முடியாத அளவு நுண்ணிய வடிகட்டியில் விட்டு, அதில் ஒரு சொட்டை ஸ்டார்ட்டர் பாக்டீரியா பரப்பிய தட்டில் வைக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் வெண்மையாகப் படர்ந்திருக்கும் பாக்டீரியாப் படலத்தில் சொட்டு விழுந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். அங்கே இருந்தவை எல்லாம் வெடித்துப் போய்விட்டன.

இதில் எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடப்பது. தட்டைக் கழுவப் போடாமல் இன்னும் ஓரிரு நாள் விட்டுவைத்தால், அந்தத் தெளிந்த வட்டத்துக்கு நடுவிலேயே குண்டூசித் தலை அளவில் சில வெண்புள்ளிகள் முளைக்கும். பிழைத்தவை. கல்ச்சர் தயாரிக்கும் நிறுவனங்கள் இந்தப் புள்ளிகளைத்தான் கிள்ளி எடுத்து, அவற்றில் நன்றாகப் புளிக்க வைப்பவற்றைத் தேர்ந்து வளர்க்கின்றன. சும்மா பிழைத்தால் போதாது. ஃபேஜுக்குத் தப்பித்துவிட்டுப் பாலைப் புளிக்க வைக்கச் சோம்பேறித்தனம் காட்டும் வகைகளும் உண்டு.

பால் ஆலைகளுக்கு இது பழைய தலைவலி. நியூசிலாந்தில் வைட்ஹெட், காக்ஸ் என்ற இருவர் சீஸ் தொட்டி தோற்பதற்கு ஃபேஜ்தான் காரணம் என்று 1935-லேயே காட்டிவிட்டார்கள். பாஸ்சரைசேஷன் சூட்டைத் தாங்கும் ஃபேஜ்கள் உண்டு. காற்றில் தெறிக்கும் துளியிலும் பரவும். ஆகவே ஒரே கல்ச்சரை விடாமல் பயன்படுத்தக் கூடாது, மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பது ஆலைகளின் பழைய விதி.

கிரிஸ்பர் என்ன செய்கிறது என்பதை நிரூபித்ததும் இந்தத் தயிர்க் கூட்டம்தான். ஸ்பெயினில் ஃபிரான்சிஸ்கோ மோஹிகா உப்பள நுண்ணுயிரிகளில் தொடங்கி, கிரிஸ்பரில் திரும்பத் திரும்ப வரும் விசித்திரமான டி.என்.ஏ. எழுத்துகளுக்கு நடுவே இருப்பவை வைரஸ் துண்டுகள் என்று 2005-ல் எழுதினார். அது எதிர்ப்புச் சக்தியாக இருக்கலாம் என்றும் சொன்னார். சோதனை செய்து காட்டியவர்கள் கல்ச்சர் தயாரிக்கும் டானிஸ்கோ நிறுவனத்தின் பிலிப் ஹோர்வாத், ரொடோல்ஃப் பாராங்கூ குழுவினர், 2007-ல். தயிரிலும் சீஸிலும் வேலை செய்யும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் மீது இரண்டு ஃபேஜ்களை ஏவி, பிழைத்த ஒன்பது வகைகளைப் படித்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் கிரிஸ்பர் வரிசையில் ஒன்று முதல் நான்கு வரை புதிய துண்டுகள் ஏறியிருந்தன. எல்லாம் அந்த ஃபேஜ்களிடமிருந்து பிடுங்கியவை. துண்டை நீக்கினால் எதிர்ப்பு போனது, சேர்த்தால் வந்தது.

அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது, செய்தித்தாள்கள் அதை எழுதுவதில்லை. எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாவையும் ஒருசில ஃபேஜ்கள் தாக்கின. அவற்றைப் படித்தால், பாக்டீரியா மனப்பாடம் செய்து வைத்திருந்த இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. கடலூர்க்காரரே, உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. ஒரு செல் வெடித்தால் நூறு ஃபேஜ் வெளிவரும். அத்தனையில் எங்கோ ஒன்றில் எழுத்துப் பிழை இருக்கத்தான் செய்யும்.

மார்ச் 4

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. எழுத்துப் பிழையால் தப்பிக்கும் வித்தை, எல்லா பாக்டீரியாவும் ஒரே துண்டை மனப்பாடம் செய்திருந்தால்தான் எளிது. பக்கத்தில் உள்ளது வேறு துண்டு, அதற்கடுத்தது வேறு துண்டு என்று இருந்தால் ஃபேஜ் எத்தனை இடத்தில் மாறும்? இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகக் குழு 2016-ல் சூடோமோனாஸ் பாக்டீரியாவை வைத்து இதைச் செய்து பார்த்தது. பலவிதத் துண்டுகள் கலந்த கூட்டத்தில் ஃபேஜ் தலையெடுக்காமல் அழிந்தது. ஒரே துண்டு கொண்ட கூட்டத்தில் தாக்குப்பிடித்தது.

"அப்படியானால் வீட்டுத் தயிர் ஏன் ஃபேஜால் கெடுவதில்லை?" என்று நெய்வேலி கேட்டிருக்கிறார். கெடாமல் இல்லை, கெடுவது தெரிவதில்லை. வீட்டு உறைமோரில் பலவகை பாக்டீரியா கலந்து கிடக்கிறது. ஒன்று செத்தால் இன்னொன்று அந்த வேலையைப் பார்த்துவிடும். ஆலைக்காரர்கள் ருசி மாறக்கூடாது என்று தேர்ந்தெடுத்த இரண்டு மூன்றை மட்டும் ஊற்றுகிறோம். வினையைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

மார்ச் 5

பயோ டீச்சர் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை என்கிறார். நியாயம். கிரிஸ்பரை விடப் பரவலான காவல் அதுதான்.

ஒரு வகை பாக்டீரியாவில் வளர்ந்த ஃபேஜ் இன்னொரு வகையில் சரியாக வளர்வதில்லை என்பதை 1952, 53-ல் லூரியாவும் பெர்டானியும் தத்தம் சகாக்களோடு கவனித்தார்கள். ஏன் என்று பத்து வருடம் கழித்துச் சொன்னவர் வெர்னர் ஆர்பர். பாக்டீரியா தன் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் ஒரு மெத்தில் குறி போட்டு வைக்கிறது. குறி இல்லாமல் உள்ளே வரும் டி.என்.ஏ.வை வெட்டுகிறது. 1978 நோபல் பரிசு ஆர்பர், ஹாமில்டன் ஸ்மித், டேனியல் நேதன்ஸ் மூவருக்கும் இதற்காகத்தான். நாமெல்லாம் கல்லூரியில் டி.என்.ஏ. வெட்டப் பயன்படுத்திய குப்பி மருந்து, பாக்டீரியாவின் வைரஸ் எதிர்ப்பு ஆயுதம்.

ஃபேஜ் சும்மா இருக்குமா? டி4 என்ற ஃபேஜ் தன் டி.என்.ஏ.வில் சைட்டோசின் எழுத்தையே பயன்படுத்துவதில்லை. வேறொரு எழுத்தைப் போட்டு அதன் மேல் சர்க்கரையையும் ஒட்டிவிடுகிறது. வெட்டும் நொதி அடையாளம் தெரியாமல் திணறும். டி7 வேறு வழி. செல்லுக்குள் போனதும் முதல் வேலையாக டி.என்.ஏ. உருவத்தில் இருக்கும் ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. சில வகை வெட்டும் நொதிகள் அதைப் போய்ப் பிடித்துக்கொண்டு நிற்கும், உண்மையான டி.என்.ஏ. வேலையைப் பார்க்கும்.

மார்ச் 5, பிறகு

"ஆக இது அமெரிக்கா ரஷ்யா ஆயுதப் போட்டி மாதிரி." எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஆயுதப் போட்டியில் கிடங்கு நிறைந்துகொண்டே போகும். இங்கே சேர்ப்பதற்குச் சமமாகத் தூக்கியும் எறிகிறார்கள். நம் தயிர்த்தட்டில் பிழைத்த சோம்பேறியை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபேஜ் ஒட்டும் கதவைக் கழற்றிவிட்டால் ஃபேஜ் வராது, ஆனால் அந்தக் கதவு வழியாக வந்த சாப்பாடும் வராது.

குடல் பாக்டீரியாவான ஈ.கோலையும் அதைத் தாக்கும் லாம்டா ஃபேஜும் இதற்கு நல்ல உதாரணம். லாம்டா ஒட்டுவது லாம்பி என்ற புரதத்தில். அது மால்ட்டோஸ் சர்க்கரை நுழையும் வழி. ஈ.கோலை அதன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டது. ரிச்சர்ட் லென்ஸ்கியின் ஆய்வகத்தில் ஜஸ்டின் மேயர் இந்த இரண்டையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது, 96 குடுவைகளில் 24-ல் லாம்டா வேறொரு புரதத்தில் ஒட்டப் பழகிவிட்டது. 2012-ல் வந்த கட்டுரை. அதற்கு நான்கு மாற்றங்கள் தேவைப்பட்டன. மீதி முக்கால்வாசிக் குடுவையில் அது நடக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். எப்போதும் எதிரி ஒரு வழி கண்டுபிடிப்பான் என்பது கதையில்தான்.

மார்ச் 8

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காலரா.

டாக்காவில் காலரா நோயாளிகளின் மலத்தில் காலராக் கிருமியோடு ஒரு ஃபேஜும் திரும்பத் திரும்பக் கிடைத்தது. பெயர் ஐ.சி.பி.1. நோயாளியின் குடலுக்குள்ளேயே அது கிருமியைத் தின்றுகொண்டிருக்கிறது. சில காலராக் கிருமிகள் மட்டும் இதற்கு மசிவதில்லை. காரணம், அவற்றின் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கும் பி.எல்.இ. என்ற ஒரு டி.என்.ஏ. துண்டு. சுமார் 18,000 எழுத்து நீளம். ஐ.சி.பி.1 அதைப் போல ஏழு மடங்கு.

ஐ.சி.பி.1 உள்ளே நுழைந்தவுடன் பி.எல்.இ. குரோமோசோமை விட்டு வெளியே குதிக்கிறது. அப்படிக் குதிக்கச் சொல்லும் சமிக்ஞையே ஃபேஜின் புரதம்தான். பிறகு அசுர வேகத்தில் பெருகி, ஐ.சி.பி.1 தனக்காகக் கட்டும் உறைகளைத் தன் அளவுக்குச் சின்னதாகக் கட்ட வைத்து, அதற்குள் தானே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஐ.சி.பி.1-க்குப் பிள்ளை ஒன்றுகூடத் தேறாது.

சரி, கிருமி பிழைத்ததா? இல்லை! வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வெடித்துச் சாகிறது. வெடித்து வெளியே வருபவை ஃபேஜின் சட்டையை மாட்டிக்கொண்ட பி.எல்.இ.க்கள். அவை அடுத்த காலராக் கிருமிக்குள் போய் உட்காரும். அக்கம்பக்கத்துக் கிருமிகள் தப்பித்தன என்பது உண்மை. ஆனால் இந்த "எதிர்ப்புச் சக்தி" யாருடையது? கிருமியின் உடம்பில் இருக்கிறது, கிருமியின் பிழைப்பைக் கவனிப்பதில்லை. இதுவும் ஒரு ஒட்டுண்ணி, வைரஸ் மேல் ஏறிப் பிழைக்கும் ஒட்டுண்ணி.

ஐ.சி.பி.1-இன் பதிலடியைக் கேளுங்கள். கிம்பர்லி சீட், ஆண்ட்ரூ கமில்லி குழு 2013-ல் வெளியிட்டது. அந்த ஃபேஜிடம் சொந்தமாகக் கிரிஸ்பர் இருந்தது. பாகங்கள் எல்லாம் முழுமையாக, வேலை செய்யும் நிலையில், வைரஸுக்குள். அதில் மனப்பாடம் செய்து வைத்திருந்தது பி.எல்.இ.யின் எழுத்துகளை. பாக்டீரியாவின் எதிர்ப்பு என்று நாம் பாடம் நடத்தும் ஆயுதத்தை வைத்துக்கொண்டு வைரஸ், பாக்டீரியாவுக்குள் இருக்கும் காவலாளியை வெட்டுகிறது. வேறு சில ஐ.சி.பி.1-களில் கிரிஸ்பர் இருக்க வேண்டிய அதே இடத்தில் ஒரு தனி நொதி இருக்கிறது. அது பி.எல்.இ. பெருகத் தொடங்கும் இடத்தைப் பார்த்து வெட்டும். தொடக்க இடம் வேறாக உள்ள பி.எல்.இ.க்களை அதனால் தொட முடியாது.

அறுபது ஆண்டுகளாகச் சேகரித்து வைத்த காலராக் கிருமிகளைப் புரட்டிப் பார்த்தால் பி.எல்.இ. வகைகள் ஒன்று மாற்றி ஒன்று தலைதூக்கி மறைவது தெரிகிறது. ஒன்று ஓய்ந்ததும் இன்னொன்று.

மார்ச் 9

நேற்றையதைப் படித்த கடலூர்க்காரன் "இது விதிவிலக்காக இருக்கலாம்" என்கிறார். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது இதுதான் பொது விதி, பாடப்புத்தகக் கிரிஸ்பர்தான் விதிவிலக்கோ என்று தோன்றுகிறது.

ஈ.கோலைக்குள் படுத்திருக்கும் பி2 வகை ஃபேஜ்களிலும், அவற்றை அண்டிப் பிழைக்கும் பி4 வகைகளிலும் ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு. ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் வெவ்வேறு எதிர்ப்பு மரபணு. 2022-ல் வந்த ஆய்வு. உள்ளே குடியிருக்கும் வைரஸ், வெளியிலிருந்து வரும் வைரஸைத் தடுக்கிறது. வீட்டைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் இல்லை, தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது.

கடலில் எடுத்த விப்ரியோ லென்டஸ் கிருமிகளை வைத்து 2021-ல் ஒன்று வந்தது. மரபணு முழுக்கப் பார்த்தால் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும் கிருமிகள். ஆனால் எந்த ஃபேஜுக்கு எது சாகும் என்பதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. வித்தியாசம் முழுவதும் செல் விட்டுச் செல் வந்துபோகும் டி.என்.ஏ. துண்டுகளில் இருந்தது. கிருமி பழையபடியே இருக்க, காவல் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஒரு பாக்டீரியாவிடம் சராசரியாக ஐந்து விதக் காவல் இருக்கிறது. உலகில் உள்ள வகைகளோ நூற்றைத் தாண்டிவிட்டன. யாரும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதில்லை. கையில் கொஞ்சம், மீதி ஊரில் யாரிடமோ. தேவைப்படும்போது கைமாறி வரும். வருவது உறுதியில்லை, வராதவன் சாவான். கடலில் தினமும் சாகும் கூட்டம் அதுதான்.

இந்த வகைகளைத் தேடும் வித்தையும் சுவாரஸ்யம். எதிர்ப்பு மரபணுக்கள் குரோமோசோமில் பக்கம் பக்கமாகக் கூடி உட்காரும். ஆகவே தெரிந்த காவலுக்குப் பக்கத்தில் இருக்கும் தெரியாத மரபணுவும் காவலாக இருக்கலாம் என்று ஊகித்து, இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரோட்டெம் சோரெக் குழு 28 ஏற்பாடுகளைச் சோதித்தது. அவற்றில் ஒன்பது ஏற்பாடுகள் ஃபேஜைத் தடுத்தன. ஒன்று பிளாஸ்மிடைத் தடுத்தது, அதாவது பாக்டீரியாக்களுக்குள் கைமாறும் சிறு டி.என்.ஏ. வளையத்தை. 2018. பெயர்களுக்கு உலகத்துக் காவல் தெய்வங்களை எல்லாம் கூட்டிவந்துவிட்டார்கள். ஜப்பானின் ஹச்சிமான், அசிரியாவின் லமாஸு, லித்துவேனியாவின் கபியா. ஐயனாரையும் முனீஸ்வரனையும் யாரும் அழைக்கவில்லை. அடுத்து ஒன்று கண்டுபிடிக்கும் தமிழ்ப்பிள்ளைகள் கவனிக்கவும்.

மார்ச் 9, இரவு

ஃபேஜ் நுழைந்தால் பாக்டீரியா தற்கொலை செய்துகொள்ளுமா என்று கேட்டவருக்கு. ஆம், பல ஏற்பாடுகள் ஃபேஜ் நுழைந்ததும் செல்லையே சாகடிக்கின்றன, ஃபேஜ் பெருகி முடிப்பதற்குள். இதைத் தியாகம் என்று எழுதுவது எனக்குக் கொஞ்சம் ஓவராகப் படுகிறது. எப்படியும் சாகப்போகிற செல்லுக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை. முதல் காவல், இரண்டாம் காவல் தோற்ற பிறகுதான் இது. ஃபேஜ் குறைவாக இருக்கும்போது இது கூட்டத்தைக் காப்பாற்றும். எல்லா செல்லிலும் ஒரே நேரத்தில் நுழையும் அளவு ஃபேஜ் வந்துவிட்டால் கூட்டத்தோடு காலி.

மார்ச் 12

பயோ டீச்சர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். இதில் எதாவது நம் உடம்புக்கு வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது, அதுவும் காலரா வழியாகத் தெரியவந்தது. ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளான ஜி.எம்.பி.யும் ஏ.எம்.பி.யும் வளையமாகச் சேர்ந்த ஒரு சிறு மூலக்கூறை காலராக் கிருமி தயாரிக்கிறது என்று 2012-ல் கண்டார்கள். மறு வருடமே மனித செல்லில், வைரஸ் டி.என்.ஏ.வைக் கண்டதும் அபாயச் சங்கு ஊதும் சிகாஸ் நொதி அதன் நெருங்கிய உறவான மூலக்கூறைத்தான் தயாரிக்கிறது என்று தெரிந்தது. காலராக் கிருமிக்கு அது எதற்கு என்பதற்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் ஃபேஜை எதிர்க்கத்தான். மேலே சொன்ன தற்கொலை வகை. இதோடு நிற்கவில்லை. வைப்பரின், காஸ்டெர்மின் என்று நம் எதிர்ப்பு மண்டலத்தின் பல புரதங்களுக்குப் பாக்டீரியாவில் சொந்தக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள்.

மார்ச் 15

வைரஸ் பக்கத்தை நான் குறைவாகச் சொல்லிவிட்டேன் என்று புகார். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

கிரிஸ்பரை அமுக்கும் புரதங்கள் ஃபேஜ்களிடம் உண்டு. 2013-ல் டொராண்டோவில் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒரே ஒரு ஃபேஜ் உள்ளே போனால் அது அந்தப் புரதத்தைப் போதிய அளவு தயாரிப்பதற்குள் கிரிஸ்பர் அதை வெட்டிவிடும். அது செத்தாலும் தயாரித்த கொஞ்சம் புரதம் செல்லில் மிச்சமிருக்கும். அடுத்து நுழையும் ஃபேஜுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். ஆகவே ஃபேஜ் எண்ணிக்கை ஒரு அளவுக்கு மேல் இருந்தால்தான் தொற்று பிடிக்கும், இல்லாவிட்டால் பிசுபிசுத்துப் போகும்.

இரண்டாவது, ஜம்போ ஃபேஜ்கள். சூடோமோனாஸைத் தாக்கும் சில ராட்சச ஃபேஜ்கள் உள்ளே போனதும் தம் டி.என்.ஏ.வைச் சுற்றிப் புரதத்தால் ஒரு கூடு கட்டுகின்றன, ஏறக்குறைய நம் செல்லின் உட்கரு போல. கிரிஸ்பரின் வெட்டும் புரதமான காஸ்9 உள்ளே போக முடியாது, ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியும் முடியாது. ஆனால் புரதம் தயாரிக்க ஆர்.என்.ஏ. வெளியே வந்துதானே ஆக வேண்டும்? ஆர்.என்.ஏ.வை வெட்டும் காஸ்13 வெளியிலேயே காத்திருந்து பிடித்துவிடுகிறது. 2020-ல் வந்த இந்தச் சோதனையைப் படித்த அன்று வேலை ஓடவில்லை.

மார்ச் 19

நெய்வேலி: "ஆன்டிபயாடிக் கேட்காத கிருமிக்கு ஃபேஜை மருந்தாகக் கொடுத்தால் போதுமே?"

கொடுக்கிறார்கள். ஜார்ஜியாவின் திபிலிசியில் எலியாவா நிறுவனம் 1923-லிருந்து இதே வேலையாக இருக்கிறது. ஆனால் இரண்டு எதிர்ப்பும் தனித்தனி என்று நினைத்துவிட வேண்டாம். காலராக் கிருமியில் எஸ்.எக்ஸ்.டி. என்ற, செல் விட்டுச் செல் தாவும் துண்டு இருக்கிறது. ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களைச் சுமப்பதால் பல காலமாகப் பிரபலம். அதே துண்டில் ஃபேஜ் எதிர்ப்பும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று 2021-ல் காட்டினார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தால் இந்தத் துண்டு தாவுவது அதிகரிக்கிறது என்பது 2004-லேயே தெரியும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மாத்திரை கொடுத்து ஃபேஜ் எதிர்ப்பைப் பரப்பும் வாய்ப்பும் இருக்கிறது.

நேர் எதிரான உதாரணமும் உண்டு. மருத்துவமனைகளில் தொல்லை தரும் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ். பல மருந்துகளுக்கு மசியாத வகைகளில் முழுமையான கிரிஸ்பர் பெரும்பாலும் இல்லை என்று 2010-ல் கவனித்தார்கள். கிரிஸ்பருக்கு வைரஸ் எது, உதவிக்கு வரும் பிளாஸ்மிட் எது என்று தெரியாது, இரண்டையும் வெட்டும். ஆன்டிபயாடிக் மழை பொழியும் வார்டில் பிளாஸ்மிடை உள்ளே விட்டவன் பிழைத்தான், காவலை வைத்திருந்தவன் போனான். அந்த வகைகளுக்கு ஃபேஜ் மருந்து நன்றாக வேலை செய்யுமா என்று கேட்டால், கிரிஸ்பர் இல்லை என்பதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. மற்ற நான்கு காவல் என்ன என்று ஒவ்வொரு வகையாகப் பார்த்தாக வேண்டும்.